பாக்கி சேர்ந்த வாடகை வீட்டை விலை பேசுமுன்: சென்னையில் முதன்முறை வாங்குவோருக்கு

பெரம்பூர், பழைய வண்ணாரப்பேட்டை, புரசைவாக்கம், திருவல்லிக்கேணி போன்ற சென்னையின் பழைய பகுதிகளில், நான்கைந்து போர்ஷன்களாகப் பிரித்து வாடகைக்கு விடப்பட்ட வீடுகள் அவ்வப்போது அக்கம்பக்கத்து விலையைவிடக் குறைவாக விற்பனைக்கு வருகின்றன. விலை ஏன் குறைவு என்று கேட்டால் தரகரிடமிருந்து பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “வரி பாக்கி கொஞ்சம் இருக்கு சார், பத்திரத்துக்கு முன்னாடி கட்டிடலாம்.” அந்தக் கொஞ்சம் எவ்வளவு, அதை யார் கட்டப்போகிறார்கள், அது ஏன் இத்தனை காலம் கட்டப்படாமல் கிடந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைத்த பிறகே விலை பேச உட்கார வேண்டும். முதல் கேள்விக்கு ஒரே நாளில் பதில் கிடைத்துவிடும். மூன்றாவது கேள்விக்குச் சில வாரங்கள் ஆகலாம். பேரம் படியுமா என்பதைப் பெரும்பாலும் அதுதான் தீர்மானிக்கும்.

எண்களைச் சேகரித்தல்

முதலில் வேண்டியவை மூன்று வகை எண்கள்: மாநகராட்சியின் சொத்து வரி எண், சென்னைக் குடிநீர் வாரியத்தின் நுகர்வோர் எண், ஒவ்வொரு மின் மீட்டருக்கும் உரிய இணைப்பு எண். சொத்து வரி எண் மண்டலம், வார்டு, பில் எண், துணை எண் என நான்கு பகுதிகளைக் கொண்டது. பழைய ரசீது ஒன்று கிடைத்தாலே போதும், அதிலிருந்து எண்ணை எடுத்து மாநகராட்சியின் இணையதளத்தில் இட்டு நிலுவையைப் பார்த்துவிடலாம். குடிநீர் வாரியத்துக்கும் மின்வாரியத்துக்கும் இதே வசதி உண்டு. 2024இல் மின்வாரியத்தின் விநியோகப் பிரிவு தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று பெயர் மாறினாலும் பேச்சில் எல்லோருக்கும் அது இன்னும் இ.பி.தான், பழைய இணைப்பு எண்களும் செல்லும்.

விற்பவர் காட்டும் ரசீதுகளை வைத்து நிலுவையைக் கணக்கிடக் கூடாது. ஒரு ரசீது அன்று கட்டிய தொகைக்கு மட்டுமே சாட்சி. மேலும், ஒரே கட்டடத்துக்கு இரண்டு வரி எண்கள் இருப்பது பழைய வீடுகளில் வெகு சாதாரணம்: கீழ்த்தளத்துக்குத் தாத்தா பெயரில் ஒன்று, பின்னாளில் எழுப்பிய மாடிக்கு மகன் பெயரில் இன்னொன்று. விற்பவர் ஒழுங்காகக் கட்டிய எண்ணை மட்டும் காட்டினால், மற்றொன்று உங்கள் கண்ணிலேயே படாது. ஆகவே வீட்டு எண்ணைச் சொல்லி வார்டு அலுவலகத்தில் விசாரித்து, அந்தக் கதவிலக்கத்தில் எத்தனை வரி மதிப்பீடுகள் உள்ளன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சொத்து வரி

மூன்று பாக்கிகளில் நிலத்தோடு மிக இறுக்கமாக ஒட்டிக்கொள்வது இதுதான். சொத்து வரி நிலுவை அந்தக் கட்டடத்தின் மீதும் நிலத்தின் மீதும் மற்றக் கடன்களுக்கு முந்தி நிற்கும் சுமை என்று உள்ளாட்சிச் சட்டங்கள் சொல்கின்றன. உரிமையாளர் மாறினாலும் சுமை கட்டடத்திலேயே தங்கும். பாக்கி இருப்பது தெரியாமல் வாங்கியவர்மீது அதைச் சுமத்த முடியாது என்று 1971இல் அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மையே. ஆனால் விலை குறைவுக்குக் காரணமே பாக்கி என்று தரகர் சொல்லக் கேட்டவர், எனக்குத் தெரியாது என்று பிறகு வாதிட முடியாது. நிலுவையை இணையத்தில் யாரும் பார்க்கலாம் என்றாகிவிட்ட காலத்தில் அந்த வாதத்தை நம்பி எவரும் பணம் போடக் கூடாது.

வரி அரையாண்டுக்கு ஒருமுறை விழுகிறது: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டுபவருக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகை உண்டு. தாமதித்தால் வட்டி சேரும். நிலுவைப் பட்டியலை அரையாண்டு வாரியாக எடுத்து, கட்டுவது எந்த ஆண்டில் நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு பின்னால் உதவும்.

நிலுவையோடு கணக்கு முடிவதில்லை. மதிப்பீட்டில் பதிவாகியுள்ள பரப்பளவையும், நாடாவைப் பிடித்து நீங்கள் அளக்கும் பரப்பளவையும் ஒப்பிட வேண்டும். மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போட்டு ஓர் அறை, பக்கவாட்டுச் சந்துப் பகுதியை மூடி ஒரு சமையலறை என்று வாடகைக்காக ஒட்டவைத்த பகுதிகள் மதிப்பீட்டில் இருப்பதில்லை. பெயர் மாற்றத்துக்காக நீங்கள் விண்ணப்பிக்கும்போது அதிகாரி வந்து அளந்தால் மதிப்பீடு திருத்தப்படும். 2022இல் நடந்த பொதுச் சீராய்வில் சென்னையின் வரி விகிதங்கள் கணிசமாக உயர்ந்துவிட்டதால், அந்தத் திருத்தத்தின் சுமை முன்பு போல் இலேசானதாக இராது. இப்போது விற்பவர் கட்டும் வரி இவ்வளவு என்று வைத்து வருங்காலச் செலவைப் போடாமல், முழுப் பரப்புக்கும் வரி விழுந்தால் எவ்வளவு ஆகும் என்று போட்டுப் பாருங்கள்.

குடிநீரும் கழிவுநீரும்

குடிநீர் வாரியம் இரண்டு தொகைகளை வசூலிக்கிறது. ஒன்று, மாநகராட்சி நிர்ணயிக்கும் ஆண்டு மதிப்பில் 7 சதவீதமாகக் கணக்கிடப்படும் குடிநீர், கழிவுநீர் வரி. மற்றொன்று இணைப்புக்கான கட்டணம். இணைப்பே இல்லாத வீட்டுக்கும் வரி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மாநகராட்சியின் மதிப்பீடு உயர்ந்தால் இந்த வரியும் கூடவே உயரும் என்பதால், மேலே சொன்ன பரப்பளவுத் திருத்தம் இரண்டு இடங்களில் செலவு வைக்கும். வாரியம் நிலுவைக்காக இணைப்பைத் துண்டிக்கலாம். நான்கு குடும்பங்கள் இருக்கும் வீட்டில் கழிவுநீர் இணைப்பு அடைபட்டால் என்ன நடக்கும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. குழாயில் தண்ணீர் வருகிறதா, மாதத்துக்கு எத்தனை லாரி வாங்குகிறார்கள், அந்தப் பணத்தை யார் கொடுக்கிறார்கள் என்பதைக் குடியிருப்பவரிடம் கேளுங்கள். விற்பவரிடம் கேட்பதில் பயனில்லை.

மின் மீட்டர் பலகையின் முன் நிற்றல்

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மீட்டர் பலகையின் முன் கொஞ்ச நேரம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் வீட்டின் நிலையைப் பத்திரங்களைவிட அது வெளிப்படையாகச் சொல்லும். போர்ஷன்களையும் மீட்டர்களையும் எண்ணுங்கள். ஐந்து போர்ஷன்களும் மூன்று மீட்டர்களும் இருந்தால், இரண்டு குடும்பங்கள் பக்கத்துப் போர்ஷனிலிருந்து கம்பி இழுத்துக்கொண்டு சப்மீட்டர் வைத்துப் பணம் கொடுக்கின்றன என்று பொருள். மீட்டரைக் கழற்றிய அடையாளமாக வெறும் பலகையும், டேப் சுற்றிய கம்பி முனைகளும் தொங்கினால், அங்கே முன்பொரு இணைப்பு இருந்து நிரந்தரமாகத் துண்டிக்கப்பட்டிருக்கிறது. அதன் எண் விற்பவர் தரும் பட்டியலில் இராது. பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் முகவரியைச் சொல்லித்தான் கண்டுபிடிக்க முடியும். அடுத்து, ஒவ்வொரு மீட்டரிலும் ஓடும் எண்ணைக் குறித்துக்கொண்டு, வெள்ளை அட்டையிலோ இணையத்திலோ பதிவான கடைசி அளவோடு ஒப்பிடுங்கள். கணக்கெடுப்பவர் வரும்போதெல்லாம் கதவு பூட்டியிருந்தால் பழைய சராசரியில் கட்டணம் போடப்பட்டுக்கொண்டிருக்கும். மீட்டரோ அதைத் தாண்டி எங்கோ ஓடியிருக்கும். அந்த வித்தியாசம் இன்னும் பில்லாக வராத பாக்கி, எந்த இணையதளமும் அதைக் காட்டாது.

பழைய உரிமையாளரின் மின் பாக்கி புதியவரைச் சேருமா என்பதில் நீண்ட காலம் மாறுபட்ட தீர்ப்புகள் இருந்தன. கே.சி. நைனன் எதிர் கேரள மாநில மின்வாரியம் என்ற வழக்கில் 2023 மே 19 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு இதைத் தெளிவுபடுத்தியது. சட்டத்தில் தனியாகச் சொல்லப்படாத வரையில் மின் பாக்கி தானாகவே நிலத்தின் மீது சுமையாகாது. ஆனால், விதிகள் அனுமதித்தால், அந்த இடத்துக்கு மீண்டும் மின்சாரம் கொடுக்குமுன் பழைய பாக்கியைக் கட்டச் சொல்ல மின்வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. நடைமுறையில் இரண்டுக்கும் வேறுபாடு குறைவு, ஏனென்றால் மின்சாரம் இல்லாத போர்ஷனை யாரும் வாடகைக்கு எடுக்க மாட்டார்கள். மின்சாரச் சட்டத்தின் 56(2) பிரிவைச் சுட்டி, இரண்டு ஆண்டு தாண்டிய பாக்கியைக் கேட்க முடியாது என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். தொடர்ந்து நிலுவையாகக் காட்டப்பட்டு வரும் தொகைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. உரிமையியல் வழக்கு மூலம் வசூலிக்கும் உரிமையையும் அந்தப் பிரிவு பறிப்பதில்லை என்று அதே தீர்ப்பு சொல்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முன்பக்கப் போர்ஷனில் தையல் கடையோ, மெஸ்ஸோ, டியூஷன் சென்டரோ நடந்துகொண்டு, மீட்டர் வீட்டு உபயோகக் கட்டணத்தில் இருந்தால், மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அது அனுமதியற்ற பயன்பாடு. எப்போது தொடங்கியது என்று கண்டறிய முடியாத நிலையில் ஆய்வுக்கு முந்தைய 12 மாதங்களுக்கு, உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு விதிக்கலாம். இதுவும் இன்றைய நிலுவைப் பட்டியலில் இல்லாத தொகைதான்.

குடியிருப்பவர்களிடம் உள்ள கணக்கு

வாங்குபவர்கள் அரசு அலுவலகங்களின் பாக்கிக்கு அஞ்சும் அளவுக்குக் குடியிருப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கிக்கு அஞ்சுவதில்லை. என் கணிப்பில் இதுவே தலைகீழான கவலை. நம் ஊரில் லீஸ் என்று சொல்லப்படும் ஏற்பாட்டில், குடியிருப்பவர் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பார். காலி செய்யும்போது முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். பணமுடையில் இருக்கும் உரிமையாளர் வரியைக் கட்டாமல் விடுவதற்கு முன் செய்யும் முதல் வேலை, ஒரு போர்ஷனை லீஸுக்கு விடுவதுதான். இது பெரும்பாலும் பதிவு செய்யாத முத்திரைத்தாளில் எழுதப்படுவதால், பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் வராது. கொடுத்த பணம் கைக்கு வராமல் குடியிருப்பவர் சாவியைத் தரப்போவதில்லை. வழக்கு நடத்தினால் ஆண்டுகள் போகும்.

ஆகவே ஒவ்வொரு போர்ஷனுக்கும் நேரில் சென்று பேச வேண்டும். காலி செய்யச் சொல்ல வந்திருக்கிறார் என்ற பயத்தோடுதான் கதவைத் திறப்பார்கள். “அம்மா, உங்களை எழுப்ப வரல. வீட்டை வாங்கலாம்னு பாக்கறேன். நீங்க குடுத்த அட்வான்ஸ் கணக்குல விட்டுப்போகக் கூடாதுன்னுதான் கேக்கறேன்” என்று தொடங்கினால், பழைய உடன்படிக்கையைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து காட்டுவார்கள். பேசி முடித்தபின், எப்போதிலிருந்து இருக்கிறார், அட்வான்ஸ் அல்லது லீஸ் தொகை எவ்வளவு, யாரிடம் கொடுத்தார், வாடகை எந்த மாதம் வரை கொடுத்திருக்கிறார், மின்கட்டணத்தை யார் கட்டுகிறார் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, குடியிருப்பவரும் விற்பவரும் கையெழுத்திடச் செய்யுங்கள். விற்பவர் அதில் கையெழுத்திட மறுத்தால் அதுவே ஒரு தகவல்.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும் அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வதையும் கட்டாயமாக்கியது. வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரையில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கிறது. பாக்கி சேர்ந்த வீடுகளில் இவற்றில் ஒன்றும் பின்பற்றப்பட்டிராது. வீட்டை வாங்கியதனால் மட்டும் குடித்தனம் முடிவுக்கு வராது. விற்றவரின் இடத்தில் நீங்கள் உரிமையாளராக நிற்பீர்கள். கிரயத்துக்கு முந்தைய வாடகை பாக்கி உங்களுக்கு உரியதல்ல என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 109ஆம் பிரிவு. ஆளை எழுப்புவதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்திவைக்கவும் வாடகைச் சட்டம் இடம் தரவில்லை, எனவே துண்டிக்கப்பட்ட இணைப்பை அப்படியே விட்டுவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

ஏன் கட்டவில்லை?

இப்போது, வரி கட்டுவது நின்ற ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில் வீட்டில் என்ன நடந்தது? பெரும்பாலும் பதில் மூன்றில் ஒன்றாக இருக்கும்: வீட்டுக்குச் சொந்தக்காரர் இறந்து பிள்ளைகள் யார் கட்டுவது என்று விட்டுவிட்டார்கள், பாகப்பிரிவினை வழக்கு தொடங்கியது, அல்லது உரிமையாளருக்குக் கடன் முற்றியது. முதலாவதென்றால், வாரிசுச் சான்றிதழில் உள்ள அனைவரும், திருமணமாகி வெளியூர் போன மகள்கள் உட்பட, கையெழுத்திட வேண்டும். இரண்டாவதென்றால், வழக்கு நடக்கும்போது வாங்கியவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும். மூன்றாவதென்றால் மூலப் பத்திரம் எங்கே என்று கேளுங்கள், அது கடனுக்கு ஈடாக வேறொருவரிடம் இருக்கலாம். நகல் மட்டும் காட்டி, அசல் தொலைந்துவிட்டது என்றால் பேச்சை அங்கேயே நிறுத்தி வழக்கறிஞரிடம் செல்லுங்கள். வில்லங்கச் சான்றைக் குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம்தான், ஆனால் அதில் சொத்து வரியோ, குடிநீரோ, இ.பி. பாக்கியோ எதுவும் வராது. “வில்லங்கம் சுத்தமா இருக்கு” என்ற சொல் இந்த வகை வீட்டில் பாதி உண்மை.

கணக்கைப் போடுதல்

ஒரு கற்பனைக் கணக்கு. கீழே இரண்டும் மேலே இரண்டுமாக நான்கு போர்ஷன்கள்; கேட்கும் விலை 1 கோடியே 10 லட்சம். சொத்து வரி நிலுவை வட்டியோடு 60,000, குடிநீர் வாரியத்துக்கு 48,000, மின் பாக்கி 22,000. ஆக அரசு வகைப் பாக்கி 1 லட்சத்து 30 ஆயிரம். மேல் போர்ஷன் ஒன்றில் 6 லட்சத்துக்கு லீஸ். கீழே இரண்டு குடித்தனங்களின் அட்வான்ஸ் ஆளுக்கு 50,000 வீதம் 1 லட்சம். நான்காவது போர்ஷன் காலி. ஒயரிங், சம்ப், மொட்டைமாடித் தளம் ஆகியவற்றுக்கு 5 லட்சம். எல்லாம் சேர்ந்து 13 லட்சத்து 30 ஆயிரம். அதில் எல்லோரையும் பயமுறுத்திய வரி, தண்ணீர், மின் பாக்கி பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு மேல் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம், அதாவது 9 லட்சத்து 90 ஆயிரம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு பேசிய விலையைவிட அதிகமென்றால் அதன்மீது கட்ட நேரும். விலையில் ஒன்றும் குறைக்காமல் வாங்கினால் மொத்த முதலீடு சுமார் 1 கோடியே 33 லட்சம். இன்று வரும் வாடகை கீழ்ப் போர்ஷன்கள் இரண்டிலும் மாதம் 9,000 வீதம் ஆண்டுக்கு 2 லட்சத்து 16 ஆயிரம். முதலீட்டில் இது 1.6 சதவீதம். லீஸைத் திருப்பிக் கொடுத்து நான்கு போர்ஷன்களையும் வாடகைக்கு விட்டாலும் 4 லட்சத்து 32 ஆயிரம், அதாவது 3.2 சதவீதம், அதிலும் வரியும் பராமரிப்பும் இன்னும் கழிக்கப்படவில்லை. வாடகைக்காக மட்டும் வாங்குபவர் இந்த விலைக்கு வாங்கக் கூடாது. நிலத்தின் மதிப்பு உயரும் என்று நம்பி வாங்குபவரும் 13 லட்சத்தை விலையிலிருந்து கழித்துத்தான் பேச வேண்டும்.

ஒப்பந்தமும் பணம் கொடுக்கும் விதமும்

கிரயத் தேதி வரையிலான பொதுக் கட்டணங்களையும் வரிகளையும் விற்பவரே கட்ட வேண்டும் என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவிலேயே உள்ளது. இருந்தாலும், பணத்தை வாங்கிக்கொண்டு போனவரைத் தேடி வழக்குப் போடுவதைவிட, பணத்தைக் கையில் வைத்திருப்பதே பாதுகாப்பு. விற்பனை ஒப்பந்தத்தில் ஒவ்வொரு எண்ணையும் அதன் நிலுவையையும் தனித்தனியே எழுதி, அவற்றை விலையின் ஒரு பகுதியாக நீங்களே நேரடியாக அந்தந்த அலுவலகத்தில் கட்டுவீர்கள் என்றும், லீஸ் தொகையும் அட்வான்ஸும் விலையில் கழிக்கப்பட்டு உங்கள் பொறுப்பில் வரும் என்றும் குறிப்பிடுங்கள். பில்லாக வராத மீட்டர் வித்தியாசத்துக்காக ஒரு தொகையைச் சில மாதங்கள் நிறுத்திவைக்க விற்பவர் ஒப்புக்கொண்டால் நல்லது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதத்தை டி.டி.எஸ். (விற்பவருக்குக் கொடுக்கும் பணத்திலேயே பிடிக்கும் வரி) ஆகப் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டும் பொறுப்பு வாங்குபவருடையது. விற்பவர்களில் ஒருவர் வெளிநாட்டில் குடியிருந்தால் விகிதமும் முறையும் வேறு, அதற்கு ஆடிட்டரிடம் போவதே சரி.

இதே வீடு வங்கி ஏலத்தில் வந்தால் இந்த வசதிகள் எதுவும் இல்லை. உள்ளது உள்ளபடியே என்ற நிபந்தனையில்தான் வங்கி விற்கும். நைனன் வழக்கில் சிக்கியவர்களும் ஏலத்தில் வாங்கியவர்களே. ஏலம் உங்கள் பெயரில் முடிந்தால் முன்வைப்புத் தொகையோடு சேர்த்து 25 சதவீதத்தை அன்றோ அடுத்த வேலைநாளிலோ கட்ட வேண்டும்; மீதியை விற்பனை உறுதியான 15 நாட்களுக்குள் கட்ட வேண்டும். அந்த அவகாசத்தில் விசாரிக்கத் தொடங்கினால் போதாது. மேலே சொன்ன அனைத்தையும் ஏலத் தேதிக்கு முன் முடித்திருக்க வேண்டும். அறிவிப்பில் வீடு வங்கியின் நேரடிச் சுவாதீனத்தில் உள்ளதா, ஆட்கள் உள்ளே இருக்க ஆவணத்தில் மட்டும் எடுத்த காகிதச் சுவாதீனமா என்பதைப் படியுங்கள். இரண்டாவதென்றால் உள்ளே இருப்பவர்களை வெளியேற்றும் பாடு பெரும்பாலும் உங்கள் பக்கம் வரும். முதல்முறை வாங்குபவர் அதைத் தவிர்ப்பதே நல்லது.

பதிவு முடிந்த அன்றே எல்லா மீட்டர்களின் அளவையும் தேதி தெரியும்படி படம் எடுத்து, விற்றவரின் கையெழுத்தோடு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். உரிமையாளர் மாறிய விவரத்தையும் வாடகையை இனி யாருக்கு, எந்தக் கணக்கில் செலுத்துவது என்பதையும் குடியிருப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் பதிவுத் தபாலில் தெரிவியுங்கள். மாற்றம் தெரியாமல் அவர்கள் பழையவரிடம் கொடுத்த வாடகையை உங்களால் மறுபடியும் கேட்க முடியாது. அந்த வாரத்திலேயே சொத்து வரி, குடிநீர், மின் இணைப்பு, பட்டா நான்குக்கும் பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுத்துவிட்டு, புதிய வாடகை ஒப்பந்தங்களை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள்.